ஆழம் தெரியாமல் காலை விடாதே!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. காலை விடுவதற்கே இந்த எச்சரிக்கை! பாறைகளில் மோதி, நுரை கக்கி ஓடும் மலை ஆற்றில் படகையே விடுவது என்றால்?

அதுதான் இப்போது பலருக்கும் பிடித்த விளையாட்டு. காற்று அடைத்த ரப்பர் படகு. அதில் ஆறேழு பேர். ஆளுக்கு ஒரு துடுப்பு. பின்னால் ஒரு வழிகாட்டி. அவர் போடச் சொன்னால் துடுப்புப் போட வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். ரிஷிகேசத்துக்குப் போகும் குடும்பங்கள் கங்கையில் நீராடுவதோடு நிற்பதில்லை. இந்தப் படகிலும் ஏறிவிடுகின்றன.

ஏறட்டும். ஆனால் ஆற்றின் எந்தப் பகுதியில் ஏறுவது? யார் யார் ஏறுவது? இதை யோசிப்பவர்கள் குறைவு. "துணிச்சல் இருந்தால் போதும்" என்கிறார்கள்.

போதாது!

ஆற்றுக்கு ஆறு வகுப்பு

பள்ளிக்கூடத்தில் இருப்பது போல ஆற்றுக்கும் வகுப்பு உண்டு. மொத்தம் 6 வகுப்பு.

முதல் வகுப்பில் சிற்றலைதான். 2-ம் வகுப்பில் அலை சற்றுத் துள்ளும். வழி தெளிவாக இருக்கும். 3-ம் வகுப்பில் தண்ணீர் படகுக்குள் அடிக்கும். படகை வளைத்துத் திருப்பத் தெரிய வேண்டும். 4-ம் வகுப்பு பழகியவர்களுக்கு. 5-ம் வகுப்பு கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். 6-ம் வகுப்பு? அதில் இறங்குவது உயிரோடு விளையாடுவது!

'அ, ஆ' படிக்காத பிள்ளையை யாராவது 5-ம் வகுப்பில் உட்கார வைப்பார்களா?

ஒரே கங்கை, மூன்று பாடம்

ரிஷிகேசத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிரம்மபுரியில் இருந்து ரிஷிகேசத்துக்குச் சுமார் 9 கிலோமீட்டர். புதியவர்களுக்கு ஏற்ற இடம் இது. சிவபுரியில் இருந்து வந்தால் சுமார் 16 கிலோமீட்டர். அங்கே 3-ம் வகுப்பு அலைகள் உண்டு. கௌடியாலாவில் இருந்து வந்தால் சுமார் 35 கிலோமீட்டர். அந்த வழியில் 'சுவர்' என்று பெயர் பெற்ற பேரலை ஒன்று இருக்கிறது. 4-ம் வகுப்பைச் சேர்ந்தது. படகைக் கவிழ்ப்பதில் பேர் போனது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்ணீர் கூடினால் வகுப்பும் கூடும். நேற்றுச் சாதுவாக ஓடிய ஆறு, மலையில் மழை பெய்தால் இன்று சீறும். அதனால்தான் ஜூலை, ஆகஸ்டு மழைக் காலத்தில் ரிஷிகேசத்தில் இந்தப் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள்.

அளவுகோல் யார்?

ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் கல்லூரி மாணவன்; நன்றாக நீந்துவான். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. மகன் கௌடியாலாதான் வேண்டும் என்கிறான். அப்பா தலையை ஆட்டுகிறார். அம்மா வாய் திறக்கவில்லை.

இது சரியா? சரியல்ல! படகு கவிழ்ந்தால் மகன் மட்டுமா தண்ணீரில் விழுவான்? படகில் இருப்பவர்களில் யார் பலவீனமானவரோ, அவருக்கு ஏற்ற ஆற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகாட்டி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

நீச்சல் தெரிந்தவர்களும் மார்தட்ட வேண்டாம். கங்கை பனி உருகி வரும் ஆறு. குளிர்ந்த தண்ணீர் கை கால்களை விறைக்க வைத்துவிடும். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. தவறி விழுந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும். ஆறு ஓடும் பக்கம் கால்களை நீட்டிக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால், வெள்ளம் ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

ஹில்லாரி கற்றுத்தந்த பாடம்

1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்ட் உச்சியில் ஏறியவர் ஹில்லாரி. அவர் 1977-ல் வங்கக் கடலில் இருந்து கங்கையை எதிர்த்து விசைப்படகில் புறப்பட்டார். இமயமலைக்குள் நந்தப்பிரயாகை வரை போனார். அங்கே ஓர் அருவி குறுக்கிட்டது. படகுப் பயணத்தை அத்துடன் முடித்துக்கொண்டார்.

அவரைக் கோழை என்று யாராவது சொன்னார்களா?

எவரெஸ்டை வென்றவருக்கே ஓர் எல்லை இருந்தது. மற்றவர்களுக்கு இருந்தால் என்ன அவமானம்? "இந்த ஆறு எனக்கு வேண்டாம்" என்று கரையில் நின்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும்.

ஆறு அடுத்த ஆண்டும் ஓடும். ஆள் இருந்தால்தானே படகில் ஏறலாம்!