12.6 சொல்லாத உண்மை

புனேக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் என் அண்ணன் மகன், தானே வெட்டி ஒட்டிச் செய்த ரேடியோ கண்ட்ரோல் விமானத்தைப் பறக்க விட்டுக்கொண்டிருக்கிறான். 1.4 மீட்டர் இறக்கை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. ஐந்து நிமிடம் அழகாக வட்டமடித்தது. தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து திரும்பிய நேரம் மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. வேகம் குறைந்தது, ஒரு பக்க இறக்கை சாய்ந்தது, தலைகுப்புற விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளி ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். அவன் கை தட்டிச் சிரித்தான். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஃபுல் சார்ஜ்லதான் விட்டேன் சித்தப்பா. 12.6 காட்டிச்சு, நீங்களும் பார்த்தீங்களே" என்றான்.

பார்த்தேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முழு உண்மையையும் சொல்லவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அவனுடைய பேட்டரி லித்தியம் பாலிமர் வகை. விமானப் பிரியர்கள் செல்லமாக 'லிப்போ' என்கிறார்கள். உள்ளே மூன்று செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். மூன்றுக்கும் சேர்த்து 12.6. அதே நாளில் வாங்கி, அதே விதத்தில் சார்ஜ் செய்து, பறக்க விடாமல் வைத்திருந்த இன்னொரு பேட்டரி இருந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு செல் செக்கரை அதில் செருகிப் பார்த்தோம். முதல் செல் 4.28. இரண்டாவது 4.27. மூன்றாவது 4.05. கூட்டிப் பாருங்கள், சரியாக 12.6 வரும். இரண்டு செல்கள் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கின்றன, ஒன்று அரைப்பட்டினி. சராசரியில் எல்லோரும் சௌக்கியம்.

காலையில் விழுந்த பேட்டரியிலும் இதே கதைதான் நடந்திருக்க வேண்டும். பட்டினி கிடந்த செல் மற்ற இரண்டுக்கும் முன்பாகவே காலியாகிறது. மோட்டார் முழு வேகத்தில் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரிகிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குத் தனித்தனி செல் தெரியாது, மொத்தம்தான் தெரியும். மொத்தம் ஒரு எல்லைக்குக் கீழே போனதும், ரிசீவருக்காவது மின்சாரம் மிஞ்சட்டும் என்று மோட்டாரை நிறுத்திவிடுகிறது. உயரத்தில் இருந்தால் சறுக்கிக்கொண்டே வந்து இறக்கிவிடலாம். தாழ்வாகத் திரும்பும்போது அதற்கு அவகாசம் கிடையாது.

இந்த விபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லூரி நாட்களில் நான் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவன். அப்போது கைக்கு வந்த ரேடியோ செட்டுகளில் நிக்கல் காட்மியம் செல்கள். 600 எம்ஏஎச் கொள்ளளவு கொண்ட செல்லுக்கு 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், பதினான்கு மணி நேரம். ராத்திரி சார்ஜில் போட்டால் காலையில் எடுக்கலாம். கொஞ்சம் கூடப் போனாலும் செல் லேசாகச் சூடாகும், அவ்வளவுதான். இந்த 'ராத்திரி போட்டு வை' யோசனையை அண்ணன் மகனுக்குச் சொன்னது நான். பையன் அதை அப்படியே லிப்போவுக்குப் பொருத்தியிருக்கிறான். படிக்கும் மேஜை மேல், புத்தகங்களுக்கு நடுவில், தூங்கப் போகும் முன்பு. அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறான். செல்களைச் சமப்படுத்தும் சின்ன வெள்ளை பிளக்கை மாட்டினால் சார்ஜ் ஆக இருபது நிமிடம் கூடுதலாகிறது என்று அதை மாட்டுவதையே விட்டுவிட்டான்.

வேதியியல் மாறினால் பழக்கமும் மாற வேண்டும். நிக்கல் காட்மியம், 1899ல் ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் கண்டுபிடித்தது. அடியும் உதையும் தாங்கும், ஆனால் கனம். பிரிட்டனில் கர்னல் டாப்ளின் 1957 ஜூன் 30 அன்று மின்சார மோட்டாரில் ரேடியோ கண்ட்ரோல் விமானத்தைப் பறக்கவிட்டபோது, எடையைக் குறைக்க வெள்ளி-துத்தநாக பேட்டரியை நாட வேண்டியிருந்தது. லித்தியம் அயான் 1991ல் சோனி மூலம் கடைக்கு வந்தது. அதன் தம்பிதான் லிப்போ. என் அண்ணன் மகனின் பேட்டரி சுமார் 180 கிராம். அதே அளவு சக்தியை நிக்கல் காட்மியத்தில் சுமக்க வேண்டுமானால் ஏறக்குறைய அரை கிலோ ஆகும். இன்று மின்சார விமானங்கள் இவ்வளவு சுலபமாக எழும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் லிப்போவுக்குள் இருப்பது எரியக்கூடிய திரவம். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, உள்ளே தகடுகள் உரசிக்கொண்டாலோ, சில விநாடிகளில் தீயும் நச்சுப் புகையும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? லேபிளில் மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக 3எஸ், 2200 எம்ஏஎச், 30சி.

முதலாவது, செல்களின் எண்ணிக்கை. இதை உங்கள் ஆசை தீர்மானிக்கக் கூடாது. மோட்டாரும் புரொபெல்லரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து தீர்மானிக்கும். 3எஸ் கேட்கும் விமானத்தில் 4எஸ் போட்டால் வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு ஏறும். மின்னோட்டமும் ஏறும். முதல் பறப்பிலேயே மோட்டார் புகையலாம்.

இரண்டாவது, கொள்ளளவு. பெரிதாக வாங்கினால் அதிக நேரம் பறக்கும் என்பது பாதி உண்மை. கனமான பேட்டரி விமானத்தின் எடை மையத்தை மாற்றிவிடும். எடை கூடக்கூட இறங்கும் வேகமும் கூடும். தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே இரண்டு பேட்டரி வாங்குவது, பெரிதாக ஒன்று வாங்குவதை விட எப்போதும் மேல்.

மூன்றாவது, சி. 2200 எம்ஏஎச் என்பது 2.2 ஆம்பியர் மணி. 30 மடங்கு என்றால் 66 ஆம்பியர் தரும் என்கிறது லேபிள். இதைக் கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் போல எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உச்சத்தில் 30 ஆம்பியர் இழுத்தால், லேபிளில் அதன் இரு மடங்காவது எழுதியிருக்க வேண்டும். உண்மை தெரிய வேண்டுமானால், நல்ல சார்ஜர்கள் காட்டும் உள்தடையைப் பாருங்கள். செல் ஒன்றுக்கு 10 மில்லி ஓம் என்றால் மூன்றுக்கு 30. அதில் 30 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே கரைந்து, 27 வாட் சூடாக மாறும். வாங்கிய அன்று இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மாதங்கள் போகப்போக அது ஏறும். இரு மடங்கானால் ஓய்வு கொடுக்கும் நேரம். அடுத்தவர் உபயோகித்த லிப்போவை வாங்கவே வேண்டாம்.

பெட்ரோல் அல்லது குளோ இன்ஜின் விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இந்த பேட்டரி, ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தருவது. சின்னது என்று அலட்சியம் கூடாது. அது செத்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கட்டுப்பாடு மட்டும் போய்விடும். 6.6 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம் இதற்கு நல்லது, சுலபத்தில் தீப்பற்றாது. ஆனால் அதன் செல் 3.6 வோல்ட்டில் நிரம்பிவிடும். சார்ஜரில் லிப்போ என்று தவறாக அமைத்தால் 4.2 வரை ஏற்றிவிடும். நிக்கல் முறையில் லித்தியத்தை சார்ஜ் செய்வது இன்னும் ஆபத்து. பட்டனை அழுத்துமுன் திரையில் உள்ள வகையையும் செல் எண்ணிக்கையையும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சார்ஜ் செய்வதில் சூத்திரம் எளிது. கொள்ளளவை ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஆம்பியர். 2200க்கு 2.2 ஆம்பியர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஐந்து மடங்கு வேகத்தில் ஏற்றலாம் என்று சில லேபிள்கள் ஆசை காட்டும். ஏற்றலாம், ஆயுள்தான் குறையும். வெள்ளை பிளக் ஒவ்வொரு முறையும் மாட்டியே இருக்க வேண்டும். சிமென்ட் தரையில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் தூரத்தில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. உப்பிய பேட்டரியையும், விழுந்து நசுங்கியதையும் சார்ஜ் செய்யவே கூடாது. பறந்து முடித்த சூட்டோடும் வேண்டாம், கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். முக்கியமாக, நீங்கள் விழித்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பறக்கலாம்? கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 2200ல் அது 1760. முதல் முறை ஐந்து நிமிடம் மட்டும் பறந்து இறங்குங்கள். திரும்ப சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்ஏஎச் ஏறியது என்று சார்ஜர் காட்டும். 1100 என்றால் நிமிடத்துக்கு 220. அப்படியானால் எட்டு நிமிடம் உங்கள் எல்லை. டிரான்ஸ்மிட்டரில் அலாரத்தை ஏழுக்கு வையுங்கள். மிச்சமுள்ள ஒரு நிமிடம், ஓடுபாதையில் நாய் குறுக்கே வந்தால் மறுபடி ஒரு சுற்றுச் சுற்ற.

நம் நாட்டின் தட்பவெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாக்பூரிலோ சென்னையிலோ மே மாதத்தில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விடுவது, அடுப்பு மேல் விடுவதற்குச் சமம். டெல்லியில் ஜனவரி காலையில் நேர்மாறு. குளிரில் உள்தடை ஏறி, நிரம்பிய பேட்டரியும் சோம்பும். சட்டைப்பையில் கதகதப்பாக வைத்திருந்து மாட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கப் போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். பரீட்சைக்காக ஒரு மாதம் முழு சார்ஜில் அலமாரியில் கிடந்த பேட்டரி, தானே உப்பித் தண்டனை தரும். விமானப் பயணத்தில் இவற்றை முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகப் பிரித்து ஒப்படைக்க வேண்டியது உபயோகிப்பவரின் பொறுப்பு. குப்பை லாரியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பிடித்தால், கருகுவது யாரோ ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கை.

அந்த இரண்டு பேட்டரிகளையும் நாங்கள் மறுபடி உபயோகிக்கவில்லை. உப்பத் தொடங்கியிருந்ததைப் பார்த்ததும், 'இதுவா என் தலைமாட்டில் இருந்தது?' என்று கேட்டான் பையன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது ஜோடி வாங்கினோம். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல் பக்கத்தில் சார்ஜர் ஓடுகிறது. மணல் வாளி, டீ டம்ளர்கள், இரண்டு நாற்காலி. பேட்டரிக்கு ஒரு மணி நேரம். இரண்டு என்றால் இரண்டு மணி நேரம். யாராவது ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்பதால் இருவருமே உட்கார்ந்துவிடுகிறோம். போன வாரம்தான் தெரிந்தது, அவனுக்கு இரண்டு பேப்பர் பாக்கி என்று. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.