விடுதலை கிடைத்தது, வாழ்வு கிடைத்ததா?

கச்சேரிக்கு முன்னும் கழுதைக்குப் பின்னும் போகாதே என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த எச்சரிக்கை. அதன் பொருளை யாழ்ப்பாணத்தானுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு முழ எல்லைக்காகவும் ஒற்றைப் பனைக்காகவும் இரண்டு தலைமுறை வழக்காடி, ஈற்றில் வேலியும் பனையும் அவை நின்ற வளவும் அப்புக்காத்துமாரின் கூலிக்கே ஈடு போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆயினும், வழக்கைத் தேடிப்போய்க் கெட்டவன் கதை வேறு. வழக்குத் தன்னைத் தேடிவந்தமையாற் கெட்டவன் கதை வேறு. முன்னவனுக்கு ஊர் புத்தி சொல்லும். பின்னவனுக்கு ஈடு சொல்வார் யார்? இக்கேள்வியை எழுப்புவதற்குத் தமிழுலகம் முழுவதும் அறிந்த ஒரு கலைஞரின் வாழ்வு நமக்குப் போதுமானது.

எம். கே. தியாகராஜ பாகவதர் 1934இல் ‘பவளக்கொடி’யிலே திரைக்கு வந்தார். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ வரை அவர் நடித்த படங்கள் ஒன்பதே. அந்த ஒன்பது படங்களாலே தமிழகத்தில் அவருக்கு நிகரான செல்வாக்கு எந்த நடிகருக்கும் இல்லை என்ற நிலை உருவாயிற்று. தங்கத் தட்டிலே உணவருந்தினார் என்று மக்கள் கதைத்தனர். அவர் குரலைத் தாங்கிய இசைத்தட்டுக்கள் கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தன. அவரோடு சமமாகப் புகழ்பெற்று விளங்கியவர், சிரிப்போடு சிந்தனையையும் விதைத்த நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணன்.

அந்நாளிலே சென்னையில் லட்சுமிகாந்தன் என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று கண்டதையும் கேட்டதையும் அச்சிட்டுக் காசாக்கியது அவருடைய ‘சினிமாத் தூது’. பாகவதரும் கிருஷ்ணனும் கோவைப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநரிடம் முறையிட்டு அவ்வேட்டின் உரிமத்தை நீக்குவித்தனர். அவரோ ‘இந்து நேசன்’ என்னும் வேறோர் ஏட்டின் மூலம் அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியிலே அவர் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பர் இறுதியில் மேற்சொன்ன மூவரும் கொலைச்சதியிற் பங்குகொண்டனர் என்று கைது செய்யப்பட்டனர்.

பிறர் மானத்தைக் கூறுபோட்டு விற்கும் பத்திரிகைத் தொழிலை நாம் வெறுக்கிறோம். அதற்காக ஒரு மனிதனைத் தெருவிலே குத்திச் சாய்ப்பதை எவரும் நியாயப்படுத்த முடியாது. அக்கொலையைச் செய்வித்தவர் எவராயினும் தண்டனைக்கு உரியவரே. ஆனால், செய்வித்தவர் இவர்தாம் என்று நிலைநாட்டுவது அரசின் கடமை. அக்கடமை எவ்வாறு நிறைவேறிற்று?

சென்னை உயர் நீதிமன்றத்திலே யூரிமாரோடு நடந்த விசாரணை 1945 மே 3ஆம் நாள் முடிவுற்றது. நாயுடு விடுவிக்கப்பட்டார்; பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அதே நீதிமன்றத்தில் மேன்முறையீடும் தோற்றது. எஞ்சியது இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஒன்றே. நம் நாட்டு வழக்குகளும் 1971 வரை அங்கு சென்றன என்பதையும், அங்கு செல்வதற்கு எத்துணைப் பொருள் வேண்டும் என்பதையும் நம் மூத்தோர் அறிவர். பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்குத் திருப்பியது. அவ்விசாரணையின் முடிவில், 1947 ஏப்ரல் மாதத்தில், குற்றம் நிலைநாட்டப்படவில்லை என்று இருவரும் விடுதலையாயினர். கைது முதல் விடுதலை வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின.

சட்டம் ஈற்றில் வென்றது என்று சிலர் மகிழலாம். அந்த வெற்றியின் விலை யாது?

பாகவதர் சிறையிலே இருந்தார். ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. அரங்கிலே மக்கள் கூட்டம், திரையிலே அவர் முகம், கூடத்திலே பணம். அம்முகத்துக்கு உரியவரோ கம்பிகளுக்குப் பின்னே. அவருக்கென்று குறித்த வேடங்கள் பிறருக்குப் போயின. ‘உதயணன்’ ஜி. என். பாலசுப்பிரமணியத்திடமும் ‘ஸ்ரீ முருகன்’ ஹொன்னப்ப பாகவதரிடமும் சேர்ந்தன. கிருஷ்ணனுடைய குடும்பத்தின் நிலையும் அதுவே. அவர் மனைவி மதுரமும் நண்பர் எஸ். வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையாது காத்தனர். வழக்குச் செலவுக்குப் பொருள் திரட்டும் பொருட்டு ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தையும் எடுக்கத் தொடங்கினர். கணவன் சிறையிலே வாட, மனைவி அரிதாரம் பூசி அப்புக்காத்துக் கூலிக்கு உழைக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்த பாகவதர் தாமே பொருளிட்டு ‘ராஜமுக்தி’யை எடுத்தார். 1948இல் வெளியான அப்படம் தோல்வியுற்றது. அதன்பின் ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புது வாழ்வு’ ஆகியவையும் பழைய செல்வாக்கை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள், ஐம்பது வயதளவில், அவர் சென்னையிலே காலமானார். கிருஷ்ணன் மீண்டும் எழுந்து நின்று ‘நல்லதம்பி’யும் ‘மணமகள்’ளும் தந்தார், அவரும் 1957இல் ஐம்பதை எட்டாமலே மறைந்தார்.

காலமும் சுவையும் மாறின. வழக்கின் மேல் பழியைப் போடுவது ஏன் என்று கேட்பார் உண்டு. காலம் மாறியது உண்மையே. பாடி நடிப்போர்க்குரிய யுகம் போய், பின்னணிப் பாடகருக்கும் அடுக்குமொழி வசனத்துக்கும் உரிய யுகம் பிறந்தது. ஆனால், அம்மாற்றத்தோடு தானும் மாறுவதற்கு ஒரு கலைஞனுக்கு வேண்டியது காலமே அன்றோ? வணிகனின் கடையைப் பூட்டினாலும் சரக்கு உள்ளே கிடக்கும். உழவனின் காணி தரிசாகக் கிடந்தாலும் அடுத்த மாரிக்கு உழலாம். நடிகனுக்குக் காணியும் சரக்கும் அவனுடைய உடலும் குரலும் மக்கள் நினைவுமே. அவற்றை அடைத்துவைத்துவிட்டு, ‘நீ குற்றவாளி அல்லன், வீட்டுக்குப் போகலாம்’ என்றால், அவன் எந்த வீட்டுக்குப் போவது?

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. பாகவதரிடம் பொருள் இருந்தது. அதனாலேதான் இலண்டன் வரை செல்ல முடிந்தது. அப்பொருள் இல்லாத ஒருவன் அதே குற்றச்சாட்டிலே அகப்பட்டிருந்தால், ஆயுள் முழுவதும் சிறையிலே கழிந்திருக்கும். அவன் குற்றமற்றவன் என்பதே உலகுக்குத் தெரிந்திராது. செல்வனுக்கு நீதி கிடைக்கிறது, செல்வம் போகிறது. ஏழைக்கோ நீதியும் இல்லை.

இது பழங்கதை அன்று. இதே நாகர்கோவிலிற் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் உளவுக் குற்றச்சாட்டிலே கைதானார். அது பொய்யென்று நடுவண் புலனாய்வுத் துறையே 1996இல் அறிவித்தது. ஆயினும், 50 இலட்சம் ரூபா ஈடு வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது 2018இலேதான். அதே ஆண்டில் இந்தியச் சட்ட ஆணைக்குழுவும் தன் 277ஆம் அறிக்கையிலே, தவறான வழக்குத்தொடுப்புக்கு ஆளானோருக்கு ஈடளிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டின் நிலை என்ன? 1979இலே தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, 1982இலே நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், நீதிமன்றத்தின் முன் நிறுத்தாமலே ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் அடைத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்னதாகக் கூறப்படும் வாக்குமூலமே சான்றாயிற்று. அச்சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கிலே மறியலில் இருந்து, ஈற்றில் குற்றமற்றவர் என்று வெளிவந்த இளைஞர் நம் ஊர்களில் ஒருவரா, இருவரா? அவர்களுக்குத் தங்கத் தட்டு இருந்ததில்லை. தாயின் தாலிக்கொடி இருந்தது. தங்கையின் சீதனக் காணி இருந்தது. மகனைப் பார்ப்பதற்குக் கொழும்புக்கும் அனுராதபுரத்துக்கும் பூசாவுக்கும் அலைந்த பயணத்திலே அவையும் போயின. விடுதலைத் தீர்ப்பு ஒரு தாளிலே வருகிறது. ஈடு வைத்த காணியின் உறுதி திரும்பி வருவதில்லை.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்லலாம் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும் என்றும் அது சொல்கிறது. உறவினர் முகத்தையே காணாத கைதிக்கு ஒரு மாதம் எம்மாத்திரம்?

நம் கோவில் வீதிகளிலே வி. வி. வைரமுத்து அவர்கள் விடிய விடிய அரிச்சந்திர மயான காண்டம் ஆடியதைக் கண்டு அழாதவர் இலர். செய்யாத கொலைக்காகச் சந்திரமதி வெட்டுக்களத்துக்குக் கொண்டுவரப்படுகிறாள். விடியும் வேளையிலே தேவர் தோன்றுகின்றனர். மகன் உயிர் பெறுகிறான். நாடும் முடியும் மீள்கின்றன. அக்கதையை ஆக்கியோர், குற்றமற்றவள் என்ற தீர்ப்போடு திரையை இழுத்துவிடவில்லை. இழந்தது திரும்பினாலன்றி நீதி நிறைவுறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தேவர் தோன்றவேண்டிய இடத்திலே இன்று அரசு நிற்கவேண்டும். விடுதலையான ஒவ்வொருவருக்கும் செல்வத்தை அள்ளிக் கொடு என்று நாம் கேட்கவில்லை. குற்றம் சாட்டினால் காலவரையறைக்குள் விசாரியுங்கள். முடியாவிடின் பிணையில் விடுங்கள். வழக்குத் தோற்றால், எதிரி தன்னைக் காத்துக்கொள்ளச் செலவிட்ட பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சான்றின்றி அடைத்துவைத்த ஆண்டுகளுக்கு ஈடு செய்ய ஒரு சட்டம் இயற்றுங்கள். இவை கருணைக்காக விடுக்கும் விண்ணப்பங்கள் அல்ல. பட்ட கடனைத் தீர்க்குமாறு விடுக்கும் கோரிக்கைகள்.

ஒருவனுடைய கைகளிலே விலங்கு மாட்டுவதற்கு அரசுக்கு ஒரு நொடி போதும். அதைக் கழற்றும்போது, அந்தக் கைகள் மீண்டும் உழைத்து உண்ணத்தக்க நிலையிலே இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அதே அரசின் பொறுப்பே.