“நர்சுப் படிப்புத்தானே!”

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று பூரிப்போடு சொல்கிறார் ஒரு தந்தை. “என்ன படிப்பு?” என்று கேட்கிறார் நண்பர். “செவிலியர் பட்டப் படிப்பு.” “ஓ, நர்சுப் படிப்புத்தானே!” அந்தத் ‘தானே’ என்ற ஒரு சொல்லில்தான் எத்தனை ஏளனம்! பொறியியல் என்றால் புருவம் உயர்கிறது. மருத்துவம் என்றால் மரியாதை தேடி வருகிறது. செவிலியம் என்றால் மட்டும், வேறிடம் கிடைக்காதவர் ஒதுங்கும் திண்ணை என்ற நினைப்பு. படிப்பகங்களிலே பகுத்தறிவு பேசும் நம் தோழர்கள் சிலரது இல்லங்களிலும் இந்நினைப்பு குடியிருப்பதை மறைப்பதற்கில்லை. ஆகவே இவ்வாரம் இதனையே ஆராய எடுத்துக்கொண்டோம்.

எந்தப் படிப்பும் எளிதன்று. பொறியியல் மாணவனைக் கணிதம் வாட்டுகிறது. சட்டம் பயில்வோனை ஏடுகள் அழுத்துகின்றன. மருத்துவ மாணவரோ நாலரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தாக வேண்டும். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்தத் தராசிலே செவிலியக் கல்வியையும் வைத்துப் பார்க்க வேண்டாமா?

கலைக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் மூன்று ஆண்டு. செவிலியப் பட்டம் நான்கு ஆண்டு. அங்கே நூற்றுக்கு 40 பெற்றால் தேர்ச்சி என்பது நமக்குப் பழகிய முறை. இங்கே செவிலியப் பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 பெற வேண்டும். வகுப்பு வருகை 80 விழுக்காடு இருந்தால்தான் தேர்வு மண்டபத்தில் இடம். செய்முறைப் பயிற்சியிலோ, விடுபட்ட நாள் ஒவ்வொன்றையும் ஈடு செய்து நூற்றுக்கு நூறு வருகை காட்டினாலன்றிப் பட்டம் இல்லை. காய்ச்சலில் படுத்தாலும் அந்த நாள் கடனாக நிற்கும்!

பாடங்களோ உடற்கூறு, உடலியக்கம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல், சமூகவியல், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு என்று நீள்கின்றன. புதிய பாடத்திட்டப்படி இறுதிப் பருவத்தில் 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி. பிற கல்லூரிகளில் தேர்வுக்கு முன்னிரவு விழித்துப் படிப்பார்கள். இங்கே இரவெல்லாம் நோயாளியின் கட்டிலருகே விழித்திருந்துவிட்டுத் தேர்வுக்கும் படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டு மணி நேரத்தில் ஆயிரம் மில்லி குளுக்கோஸ் ஏற்று என்கிறார் மருத்துவர். குழாயில் பதினைந்து சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? முப்பத்தொன்று. இந்தக் கணக்கைப் பள்ளி மாணவனும் போடலாமே எனலாம். போடலாம், ஆனால் அவன் தவறாகப் போட்டால் மதிப்பெண் குறையும். செவிலி தவறினால் முதியவரின் நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறும்! விடைத்தாளில் விழும் பிழைக்கும் உயிருள்ள உடலில் விழும் பிழைக்கும் உள்ள வேறுபாடே, பிற படிப்புக்கும் இப்படிப்புக்கும் உள்ள வேறுபாடு. பதினெட்டு வயதில் அந்தப் பொறுப்பு அவள் தோளில் ஏறத் தொடங்குகிறது. பத்தொன்பதில் மரணத்தை நேரில் பார்க்கிறாள். கதறும் உறவினர்க்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள்.

இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சிற்றூர்ப் பெண்ணுக்கு இக்கல்வி முழுவதும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, “எங்கேம்மா வலிக்குது?” என்று தமிழிலே கேட்கிறாள். இருமொழிப் பாலத்தைத் தன் முதுகிலேயே கட்டிக்கொள்ளும் அவளுக்குத் துணையாகத் தமிழில் தரமான பாடநூல்கள் ஏன் குவியவில்லை? மொழிக்காக முழங்கிய நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இத்தனை கடினமான கல்விக்கு மதிப்பு மட்டும் ஏன் குறைந்தது? சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இலேயே தொடங்கிற்று. பட்டப் படிப்போ 1946இல்தான் வேலூரிலும் டெல்லியிலும் மலர்ந்தது. நெடுங்காலம் இத்தொழிலுக்கு வந்தோர் பெரும்பாலும் கிறித்துவப் பெண்களே. ஏனையோர் ஏன் விலகி நின்றனர்? தொட்டால் தீட்டு, குருதி தீட்டு, மலம் தீட்டு, பிணம் தீட்டு என்று கற்பித்த சமுதாயம், எல்லாரையும் தொட்டுத் துடைக்கும் கரத்தை எப்படி மதிக்கும்? அன்னிய ஆணின் புண்ணைப் பெண் கழுவுவதா என்று முகம் சுளித்த சமுதாயம், அவளுடைய கல்வியை எப்படிக் கல்வியென ஏற்கும்? ‘நர்சுப் படிப்புத்தானே’ என்பது சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து பெற்ற பிள்ளை, தோழர்களே! அதை நம் வீட்டுத் தொட்டிலில் போட்டு ஆட்டலாமா?

மதிப்புக் குறைந்த இடத்தில் கூலியும் குறையும். நம் மாநிலத்தில் 2015இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர், 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் உழைத்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் திரண்டதை நாடு கண்டது. பின்னர் தொகை உயர்ந்தது. உயர்த்தியது அவர்களது போராட்டமே. படிப்பு முடிந்த பின்னும் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்து அடிமைப்படுத்தும் வழக்கத்தை எதிர்த்து 2011இல் மும்பையிலும் கேரளத்திலும் செவிலியர் கொதித்தெழுந்தனர். உச்சநீதிமன்ற ஆணைப்படி 2016இல் அமைந்த வல்லுநர் குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது. 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு நிகராக வழங்கப் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. பரிந்துரை தானே நடந்து வருவதில்லை. அதனை நடத்திவைக்கும் கால்கள் மக்களுடையவை.

கொள்ளை நோய்க் காலத்தில் கைதட்டினோம், விளக்கேற்றினோம். கைதட்டல் அடுப்பை எரிக்காது. ஆளுவது எந்தக் கட்சியாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: கல்விக்கேற்ற ஊதியம், நிரந்தரப் பணி, தமிழில் துணைநூல்.

ஆனால் அரசிடம் கேட்குமுன் நம் வீட்டில் தொடங்குவோம். உங்கள் கிளையிலே செவிலியம் பயிலும் பெண்ணோ ஆணோ இருந்தால் தேடிச் சென்று பாராட்டுங்கள். சேர விரும்புவோருக்குக் கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துச் சொல்லுங்கள். சான்றிதழைத் தர மறுக்கும் நிர்வாகத்தின் வாசலில் அந்தப் பிள்ளையைத் தனியே நிற்க விடாதீர்கள். இனி எவரேனும் “நர்சுப் படிப்புத்தானே” என்றால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேளுங்கள். பதில் தெரியாமல் அவர் விழிக்கும்போது, அதனை அறிந்த ஒரு பெண்தான் என்றோ ஒரு நள்ளிரவில் அவரது உயிருக்குக் காவல் நிற்பாள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.