கையில் வந்த மேட்ச், கைவிட்டுப் போகும் உரிமை

‘இனி விளையாட்டு என்றால் ஓடிடிதான், டிவியின் காலம் முடிந்தது’ என்ற பேச்சு 2022 ஜூன் மாதத்துக்குப் பிறகு கேள்வியே இல்லாத உண்மைபோல் ஆகிவிட்டது. ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமைகள் அந்த மாதம் மின்ஏலத்துக்கு வந்து, எல்லாம் சேர்த்து 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. இந்தியாவுக்கான டிவி உரிமையை ஸ்டார் 23,575 கோடிக்கும், டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடிக்கும் எடுத்தன. அடுத்த ஆண்டு, இந்திய அணி சொந்த மண்ணில் ஆடும் போட்டிகளின் உரிமை 5,963 கோடிக்கு விற்றபோது, அதில் டிஜிட்டலின் பங்கு 3,101 கோடி. டிவியை டிஜிட்டல் முந்திவிட்டது என்று தலைப்புகள் வந்தன. கூடவே மற்ற முடிவுகளும் ஒட்டிக்கொண்டன: மக்கள் கைபேசிக்குப் போய்விட்டார்கள், செலவு குறைந்துவிட்டது, நிறுவனங்களின் போட்டியால் ரசிகருக்கு லாபம், தொழில்நுட்பமும் மேலானது. இவற்றில் சிலவற்றில் பாதி உண்மை உண்டு. மொத்தமாகச் சேர்த்துச் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது. ரசிகர்கள் இழக்கப்போகும் ஒன்றையும் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது.

முதலில் அந்த ஏலக் கணக்கையே பார்ப்போம். 23,758 கோடி என்பது இரண்டு தொகுப்புகளின் கூட்டுத்தொகை. எல்லாப் போட்டிகளுக்குமான டிஜிட்டல் தொகுப்பு தனியாக 20,500 கோடிதான். ஒரு போட்டிக்கு 50 கோடி. டிவிக்கோ ஒரு போட்டிக்கு 57.5 கோடி. தொடக்க ஆட்டம், வார இறுதி இரவு ஆட்டங்கள், பிளேஆஃப் ஆகியவற்றைக் கொண்ட ‘சிறப்புப் போட்டிகள்’ தொகுப்பு ஒன்று டிஜிட்டலுக்கென்றே தனியாக விற்கப்பட்டது. எல்லாப் போட்டிகளையும் வாங்கியவர், இன்னொருவர் அவற்றில் பங்குக்கு வராமல் இருக்க அதையும் வாங்கியாக வேண்டியிருந்தது. அந்தப் பணமும் சேர்ந்த பிறகுதான் டிஜிட்டல் ஒரு மயிரிழையில் முன்னே போனது. எதிர்காலத்தின் மேல் நிறுவனங்கள் கட்டிய பணயத்துக்கு அது சாட்சி. மக்கள் எங்கே உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது.

அதைக் காட்டும் கணக்கு வேறு. 2025 ஐபிஎல் முடிந்ததும், ஸ்டாரும் வயாகாம்18-உம் இணைந்து உருவான ஜியோஸ்டார் நிறுவனமே வெளியிட்ட விவரப்படி, டிஜிட்டலில் எட்டிப் பார்த்தவர்கள் 65 கோடிக்கு மேல், டிவியில் 53 கோடிக்கு மேல். இதோடு நிறுத்தினால் டிவி தோற்றதுபோல் தெரியும். ஆனால் உட்கார்ந்து பார்த்த நேரம்? டிவியில் 45,600 கோடி நிமிடங்கள். டிஜிட்டலில் சுமார் 38,460 கோடி. ஒரு ஆளின் கையில் இரண்டு சிம், இரண்டு கருவி இருக்கலாம். ஸ்கோர் பார்க்க அரை நிமிடம் திறந்து மூடுபவரும் எண்ணிக்கையில் ஏறுகிறார். நிமிடக் கணக்குதான் மேட்சை ‘பார்த்தவரை’ காட்டும். டிஜிட்டலிலும் வேகமாக வளர்வது இணையம் இணைந்த பெரிய டிவித் திரைதான். அதாவது, மக்கள் கூடத்துக்கு வெளியே போய்விடவில்லை. வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்க்கும் விளையாட்டாகத்தான் கிரிக்கெட் இன்னும் இருக்கிறது.

அடுத்தது விலை. ‘ஓடிடி மலிவு, பலமுறை இலவசமும்கூட’ என்கிறார்கள். இலவசமாக இருந்தது உண்மை. 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தை வயாகாம்18-இன் செயலியான ஜியோசினிமா காசு வாங்காமல் காட்டியது. 2023, 2024 ஐபிஎல்லையும் அப்படியே கொடுத்தது. அதற்குப் பதிலடியாக, 2023 ஒருநாள் உலகக் கோப்பையைக் கைபேசியில் பார்ப்பவர்களுக்கு ஸ்டாரின் செயலியான ஹாட்ஸ்டார் இலவசமாகத் திறந்துவிட்டது; அகமதாபாத் இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிக் கருவிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் இந்த இலவசம் எப்போது முடிந்தது என்று கவனியுங்கள். இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்த்த காலம் வரைதான் அது இருந்தது. 2024 நவம்பர் 14 அன்று வயாகாம்18-உம் ஸ்டாரும் இணைந்து ஜியோஸ்டார் ஆயின. மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 14 அன்று, இரண்டு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அடுத்து வந்த ஐபிஎல்லுக்கு முன்னே சந்தாக் கதவு வந்து நின்றது. தொழிற்போட்டி இருந்தவரை இலவசம், போட்டியாளரே இல்லாமல் போனதும் கட்டணம். இரண்டு ஆண்டு இலவசத்தை ஸ்ட்ரீமிங்கின் இயல்பு என்று நம்பியவர்கள் ஏமாந்தது இங்கேதான்.

மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று தொடங்கிய அந்தச் சந்தா ஒரு கேபிள் பில்லைவிடக் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் அது ஒரே ஒரு கைபேசிக்கு, அதுவும் விளம்பரங்களோடு. டிவித் திரையில் பார்க்க மேல்நிலைத் திட்டம் வாங்க வேண்டும். ரீசார்ஜோடு சேர்த்து இலவசம் என்று வந்த சலுகையும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரீசார்ஜ் செய்தவருக்குத்தான் கிடைத்தது. அதோடு நெட் செலவு இருக்கிறது. ஒரு டி20 ஆட்டம் சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும். நல்ல தரத்தில் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று போட்டிருக்கும் பேக், கடைசி ஓவர்கள் வருவதற்குள் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்துக்கொண்டால் பந்து தெரியாது. வீட்டில் வைஃபை உள்ளவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தினமும் பேக் தீர்ந்ததும் ‘ஸ்பீடு குறைந்துவிட்டது’ என்று குறுஞ்செய்தி வாங்குபவருக்கு இதுதான் பிரச்சினை. சீரியலுக்கும் செய்திக்கும் கேபிள் இணைப்பை வைத்தே ஆக வேண்டிய வீட்டில், ஓடிடி சந்தா மாற்றுச் செலவு ஆகாது. அது கூடுதல் செலவு.

‘நிறுவனங்கள் பெருகப் பெருக ரசிகருக்கு நல்லது’ என்ற வாதம் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் சரியாக இருக்கலாம். சோப்பு இரண்டு கம்பெனியில் கிடைத்தால் பிடித்ததை வாங்கலாம். ஆனால் இந்தியா – நியூசிலாந்து ஆட்டம் ஒரு செயலியில் மட்டும்தான் ஓடும். 2022 நவம்பரில் இந்திய அணி நியூசிலாந்து போனபோது அந்தத் தொடரின் உரிமை அமேசான் பிரைமிடம் இருந்தது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் வைத்திருந்தவர்கள் அதில் பார்த்தார்கள். மாதாமாதம் கேபிளுக்குக் காசு கட்டிய வீட்டில் அந்தத் தொடர் எந்தச் சேனலிலும் வரவில்லை. 2025 இங்கிலாந்துத் தொடரை டிவியில் சோனியிலும் இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரிலும் தேட வேண்டியிருந்தது. ஒரே அணியைப் பின்தொடர்பவர் வருடம் முழுக்கச் சந்தா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் இப்படிச் சிதறல், மறுபக்கம் முக்கியமானதெல்லாம் ஒரே கையில்: ஐபிஎல், இந்தியாவின் உள்நாட்டு ஆட்டங்கள், ஐசிசி போட்டிகள் மூன்றும் இணைப்புக்குப் பிறகு ஒரே நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன.

பிரான்ஸின் கால்பந்து லீக் நமக்கு ஒரு எச்சரிக்கை. 2024-இல் லீக் 1 போட்டிகளில் பெரும்பாலானவை டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்குப் போயின. மாதம் சுமார் 30 யூரோ என்று விலை வைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், எதிர்பார்த்த சந்தாதாரர்கள் சேரவில்லை, லீக்குக்கும் நிறுவனத்துக்கும் பணத் தகராறு வந்து ஒரே பருவத்தில் ஒப்பந்தம் முறிந்தது. கடைசியில் லீக்கே தனக்கென ஒரு சேனலைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தொழில்நுட்பத்தைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 5.9 கோடிக் கருவிகளுக்கு ஒரே நேரத்தில் தடங்கலில்லாமல் படம் அனுப்பிய பொறியாளர்களின் உழைப்பு சாதாரணமல்ல. ஆனாலும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி: பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகத் தரவு போயாக வேண்டும். பார்ப்பவர் கூடக் கூடச் செலவும் சுமையும் கூடும். அதனால்தான் 2022 கால்பந்து உலகக் கோப்பையின் தொடக்க இரவில் ஜியோசினிமாவில் படம் நின்று நின்று வந்தது, நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது. துண்டு துண்டாகச் சேமித்து அனுப்பும் முறையால் படம் பல நொடிகள் பின்தங்கியும் வருகிறது. பக்கத்து வீட்டு டிவியில் எழும் கூச்சல் விக்கெட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஸ்ட்ரீமிங்கின் பக்கம் முழு நியாயமும் இருக்கும் இடம் ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் சூடியபோது, ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் யூடியூபில் காசில்லாமல் பார்க்க முடிந்தது. மணிக்கணக்கில் ஓடும் செஸ்ஸுக்கு நேரம் ஒதுக்கும் டிவிச் சேனலைத் தேடிப் பிடிப்பதே கடினம். சவாரிக்கு இடையே ஆட்டோவில் உட்கார்ந்து நாலு ஓவர் பார்ப்பவருக்கும் கைபேசி கொடுத்தது பெரிய வரம். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘சின்ன விளையாட்டுகளை ஸ்ட்ரீமிங் வளர்க்கும்’ என்று பொதுவாகச் சொல்வது வேறு. தேடி வருபவருக்குத்தான் செயலி காட்டும். 2014-இல் புரோ கபடி கோடிக்கணக்கானவர்களைப் பிடித்தது, டிவியில் சேனல் மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டதால். கபடி பார்க்க வேண்டும் என்று நினைத்திராத மக்கள் அவர்கள். இத்தனை ஓடிடி இருக்கும் காலத்தில், 2025 நவம்பரில், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் வணிக உரிமைக்கு விடப்பட்ட டெண்டரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் சட்டம். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட் தொடரின் ஒளிபரப்புச் சண்டையிலிருந்து கிளைத்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2007-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைச் சட்டம் ஒரு கடமையை விதித்தது: தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அரசு அறிவிக்கும் போட்டிகளைக் கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையில் காட்டுபவர், விளம்பரம் நீக்கிய படத்தைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. உலகக் கோப்பையில் இந்தியா ஆடுவதை ஏழை வீடும் பார்க்கிறதென்றால் இந்தச் சட்டத்தால்தான்.

அந்தச் சட்டம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. தூர்தர்ஷன் வாங்கும் படம் அதன் தரைவழி ஒளிபரப்புக்கும் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே, கேபிளில் போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரைவழி ஒளிபரப்பு அநேகமாக மூடப்பட்டுவிட்டது. மிச்சமிருப்பது இலவச டிஷ் ஒன்றுதான். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதால் நம் பக்கம் அது பெரிதாகப் பரவவில்லை. இன்னும் பெரிய ஓட்டை, சட்டத்தின் கடமை ‘கேபிள் அல்லது டிடிஎச்சில் காட்டினால்’ என்ற நிபந்தனையோடு கட்டப்பட்டிருப்பது. ஒரு போட்டி செயலியில் மட்டும் ஓடினால் அந்த வாசகம் அதைத் தொடாது. எல்லாம் ஓடிடிக்குப் போய்விட்டது என்று நாம் கொண்டாடும் நாளில், இலவசமாகப் பார்க்கும் உரிமைக்குச் சட்டத்தில் காலூன்ற இடமிருக்காது.

இணையம் வேறு, அலைவரிசை வேறு என்று பதில் வரும். கைபேசிக்கு வரும் படம் எதன் மேல் ஏறி வருகிறது? அரசு ஏலம் விட்ட அதே பொதுச் சொத்தான அலைக்கற்றையின் மேல்தான்.

இதைப் பிற நாடுகள் புரிந்துகொண்டுவிட்டன. இங்கிலாந்தின் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்கள் 1998-இல் பாதுகாக்கப்பட்ட பட்டியலின் முதல் பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்டன. 2005 ஆஷஸை இலவசச் சேனலான சேனல் 4-இல் ஒரு கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆட்டங்கள் கட்டணச் சேனலுக்குப் போன பிறகு, 2009 ஆஷஸில் அந்த உச்சம் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு டெஸ்ட் கிரிக்கெட் கண்ணில் படாமலே போனது என்று அங்கே இன்றும் வருந்துகிறார்கள். அந்தப் பாடத்தோடு, 2024-இல் பிரிட்டன் தன் ஊடகச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட போட்டிகளின் விதியை இணையச் சேவைகளுக்கும் நீட்டியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவும், பட்டியலிட்ட போட்டிகளை இலவசச் சேனல்களுக்கு வாய்ப்பளிக்காமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் முந்தி வாங்க முடியாதபடி சட்டத்தைத் திருத்தியது.

இங்கே அதைச் செய்தால் கிரிக்கெட் வாரியத்தின் வருமானம் சரியும் என்ற பயம் கிளப்பப்படும். 48,390 கோடி கொண்டுவந்த ஐபிஎல் தேசிய முக்கியத்துவப் பட்டியலில் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. கேட்பது இந்தியா ஆடும் ஆட்டங்களையும் உலகக் கோப்பை அரையிறுதி, இறுதிகளையும்தான். 2007 சட்டத்தில் ‘கேபிள் அல்லது டிடிஎச்’ என்று இருக்கும் இடத்தில் இணையவழி ஒளிபரப்பையும் சேர்க்க வேண்டும். தூர்தர்ஷனுக்குக் கிடைக்கும் படம் கேபிள் வீட்டுக்கும் போக வழி செய்ய வேண்டும். 2027-இல் ஐபிஎல்லின் இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. உள்நாட்டு ஆட்டங்களின் ஒப்பந்தம் 2028-இல் முடிகிறது. அடுத்த ஏல அறிவிப்புகள் வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் இதைச் செய்தாக வேண்டும்.