பாரிசுக் கனவும் பின்கட்டு வாழ்வும்

ஈபெல் கோபுரத்தடியில் காதலர் ஆடிப்பாடும் திரைப்படங்களைக் கண்டு, பாரிசு இன்பமே குடிகொண்ட ஊர் என்று மயங்கிக் கிடக்கும் புதுக்கோட்டை இளைஞர்காள்! 1983 இனப்படுகொலைக்குப் பின் ஆங்கு அடைக்கலம் புகுந்த ஈழத் தமிழர்தம் வாழ்வை வினவியதுண்டா? ஊரில் கற்ற கல்வி பலர்க்கு ஆங்குச் செல்லாக் காசாயிற்று. பிரெஞ்சு நாவேறாமையால் உணவகப் பின்கட்டில் எச்சில் தட்டுக் கழுவினர். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவே அவர்க்கு ஊரும் உறவும் ஆயிற்று.

பிரெஞ்சுக்காரனைக் குறை கூறேன். அவன் தன் மொழியைக் காப்பவன். 1994-இல் தூபோன் சட்டம் இயற்றி, விளம்பரம் முதல் வேலை ஒப்பந்தம் வரை பிரெஞ்சே இருத்தல் வேண்டும் என்றான். 2024 குடியேற்றச் சட்டத்தாலோ, குடியுரிமை வேண்டுவோர் காட்டவேண்டிய பிரெஞ்சுத் தேர்ச்சியை இன்னும் உயர்த்தினான். இங்குள்ளோர் எவரும் அவனை மொழிவெறியன் என்று ஏசுவதில்லை. அப்பட்டம் நமக்கே உரியது போலும்!

அவன் நறுமணப் பூச்சையும் நடையுடையையும் வியப்போர், அவன் மொழிமானத்தை மட்டும் காணாதது ஏன்? தமிழ்நாட்டிலும் கடைப்பலகையில் தமிழே முதலிடம் பெறவேண்டும் என்னும் விதி உண்டு. நம் கீழ ராச வீதியில் ஒருமுறை நடந்து, அவ்விதிக்கு அடங்கிய பலகைகள் எத்தனை என எண்ணிப் பாருங்கள்!