அரிசியை நிறுத்துமுன்



கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என்பதே நம் இல்லங்களின் வழக்கம். இம்மூன்றையும் ஒருங்கே விலக்கச் சொல்வது, உடல் இளைக்க விரும்புவோர் இந்நாளில் நாடும் 'கீட்டோ' உணவுமுறை. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கிக் கொழுப்பை மிகுத்து உண்ண வேண்டுமாம். ஒரு கிண்ணம் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே, சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு இலையில் இருக்கலாம். அதற்குத் துணையான சம்பா சாதம் இருக்கலாகாது!

1921-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சார்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்னும் மருத்துவர் இதனை வகுத்தது வலிப்பு நோயாளருக்காகவே. இதனால் எடை குறைவது உண்மை. எனினும், முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் உடலிலுள்ள நீரே. ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஏனைய உணவுக் கட்டுப்பாடுகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. ஓர் இல்லத்தில் அடுப்பு ஒன்றே. மகள் தன் எடைக்காக மேற்கொள்ளும் உணவையே தாயும் உண்ணத் தொடங்குகிறார். அவரோ பல்லாண்டுகளாக நீரிழிவு மாத்திரை உட்கொள்பவர். கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே கொண்டு, சோற்றை மட்டும் நிறுத்தினால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை உண்போர்க்கோ ஆபத்து இன்னும் மறைவானது. சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் பெருகி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியன தோன்றும். "சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது" என்று வீட்டில் காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம். கருவுற்ற தாய்மாரும், பாலூட்டுவோரும், சிறுநீரக நோயுள்ளோரும் இவ்வுணவுமுறையை நாடாதிருப்பதே நன்று.

உடல் இளைக்க விற்கப்படும் பொடிகள், குளிகைகள் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. மலையாள நாட்டார் மீன்குழம்பில் இடும் குடம்புளியின் சத்தைக் குளிகையாக்கி விற்கின்றனர். 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அதனை உண்டோர்க்கும் வெற்றுக் குளிகை உண்டோர்க்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. (குழம்பிலாவது சுவை தருகிறது!) மாரடைப்புக்கு வழிவகுப்பதால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்பட்ட குளிகைகளிலும் மறைவாகக் கலந்திருந்ததை உலகின் பல நாடுகளில் கண்டுபிடித்துள்ளனர்.

எடை குறைக்க விரும்புவோர் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ முதலில் சென்று வருக. அதுவரை சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையையும், துறைமுகத்தில் கிடைக்கும் மத்தி மீனையும் கூட்டிக்கொள்ளலாம். மருத்துவரைக் காணச் செல்கையில், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், வாங்கி வைத்துள்ள பொடி டப்பாவையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.