முத்து போன வழியில் ஒரு நாள்

சீமைக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரான்சில் ரோன் நதியில் சொகுசுப் படகு ஏறினால், கரையோரத்து ஆர்ல் நகரில் ரோமானியர் கட்டிய பழைய அரங்கத்தையும், அதற்கு அருகிலேயே புராதனமான தேவாலயத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமாம். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ரோமாபுரிச் சீமாட்டிகள் ஆசைப்பட்ட முத்து விளைந்த கடற்கரையைப் பார்க்க வேண்டுமானால், பாஸ்போர்ட் வேண்டாம். திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தால் போதும்.

தாமிரபரணியில் சொகுசுப் படகெல்லாம் ஓடாது. பொதிகையில் பிறந்து கடலில் சேர்வதற்குள் 8 அணைக்கட்டுகள் அதன் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாம் ஆற்றை ஒட்டிக் காரிலோ பஸ்ஸிலோ போவோம். மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் ஒரு தூக்கு தயிர் சாதமும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

முதலில் பாளையங்கோட்டை. 1826-ல் எழுந்த தூய திரித்துவ ஆலயத்தின் 'ஊசிக் கோபுரம்' தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அதைவிடச் சிறிய, அதைவிடப் பழைய ஒரு கோயிலை விசாரியுங்கள். கிளாரிந்தா என்ற மராத்திய பிராமண விதவை 1785-ல் கட்டியது அது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால் ஊரில் தெரியும். கைம்பெண் வீட்டு மூலையை விட்டு வெளியே வரக்கூடாது என்றிருந்த காலத்தில், 1780-ல் எழுதிய அவ்வூர்ச் சபையின் 40 பேர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது! அ. மாதவையா 1915-ல் அவளைப் பற்றி இங்கிலீஷில் ஒரு நாவலே எழுதினார்.

அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 24 கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். பார்வைக்கு வெறும் செம்மண் மேடு, 114 ஏக்கர். உள்ளே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தாழிகளில் உறங்குகிறார்கள். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு ஆயுதங்களும், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்களும் வந்தன. அவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. பொன்னைவிட நம்மைத் தொடுவது இன்னொன்று: பானைகளில் நெல்லின் உமியும் தினை வகைகளின் உமியும் இருந்தன. போகிறவர் பசியோடு போகக்கூடாதென்று யாரோ ஒருத்தி அளந்து வைத்திருக்கிறாள்! 2023 முதல் தோண்டிய குழிகளை அங்கேயே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாக அடுத்தது கொற்கை. வாழையும் வயலுமாக ஒரு சிற்றூர். "துறைமுகம் என்றாயே அம்மா, கடல் எங்கே?" என்று குழந்தைகள் கேட்பார்கள். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைத் தள்ளிவிட்டது. 1968–69-ல் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டி எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இந்த ஊர் முத்து எங்கே போயிற்று? முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் லொல்லியா பவுலினா என்று ஒரு சீமாட்டி. கலிகுலா சக்கரவர்த்தியின் மனைவியாக இருந்தவள். ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு அவள் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் முத்தும் மரகதமுமாக வந்ததைத் தாமே பார்த்ததாக பிளினி எழுதியிருக்கிறார். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் நாணயம். நம்பாதவர்களுக்குக் காட்ட ரசீதும் தயார்! இந்தியா, சீனா, அரேபியாவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் போகிறதே, நம் பெண்களின் அலங்காரத்துக்கு இவ்வளவு விலையா என்று அங்கலாய்த்தவரும் அவரே.

அவர் பணத்தைத்தான் கணக்குப் பார்த்தார். அதே நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு கடல் வணிகன், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று போகிற போக்கில் குறித்துவிட்டான். மூச்சடக்கி மூழ்கியவன் மேலே வந்தானா என்று அவன் எழுதவில்லை.

துறைமுகம் பின்னர் பழைய காயலுக்கும் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்குமாக நகர்ந்தது. நாமும் தூத்துக்குடிக்கே போவோம். 1713-ல் கட்டிய பனிமய மாதா ஆலயம் அங்கே இருக்கிறது. 1982-ல் பசிலிக்கா என்ற சிறப்புப் பெற்றது. கடலோரப் பரதவர்களின் மாதா அவள். அவர்கள் முத்துக் குளித்த முறையைக் கேளுங்கள். காலில் கல்லைக் கட்டி ஒருவன் மூழ்குவான். படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் மனைவியின் சகோதரன் என்பார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறதென்று கண் இமைக்காமல் பார்த்துக்கொள்வானாம். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக் குளிப்பே நடக்கவில்லை. சிப்பிகள் அவ்வளவு குறைந்துவிட்டன. 'முத்து நகர்' என்ற பெயர் ஊருக்கும் ரயிலுக்கும் மிஞ்சியிருக்கிறது.

சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். ஆதிச்சநல்லூரிலும் கொற்கையிலும் காலடியில் பானை ஓடுகள் தட்டுப்படும். ஞாபகத்துக்கு ஒன்று என்று குழந்தைகள் எடுத்தால், கிடந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். கிடக்கும் இடத்தை வைத்துத்தான் அதன் வயதையும் கதையையும் சொல்ல முடியும். நம் அலமாரிக்கு வந்தால் அது வெறும் ஓடு. ஞாபகத்துக்கு வேண்டுமானால், தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.